ஆற்றோரம் ஒதுங்கிய காடு

கினபாத்தாங்கான் ஆற்றில் மாலை நான்கு மணிக்குப் படகேறும் ஒருவர், காடுகாடாகச் சுற்றியவர்களுக்கும் வாய்க்காத காட்சிகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கரை திரும்பிவிடலாம். நான் போன மாலையில் முதல் திருப்பத்திலேயே நீள்மூக்குக் குரங்குகள். ஆற்றை ஒட்டிய மரங்களின் நுனிக்கிளைகளில் ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. ஆண்குரங்கின் மூக்கு வாயை மறைத்துத் தொங்கியது. தோளில் செம்மண் நிற ரோமம் சாய்ந்த வெயிலில் பளபளத்தது. இருபது கிலோ எடையுள்ள அந்த உடம்போடு அது அடுத்த மரத்துக்குத் தாவியபோது கிளை முறியும் சத்தம் அக்கரை வரை கேட்டது. போர்னியோ தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தக் குரங்கு இல்லை. அதன் வயிறு பல அறைகளாகப் பிரிந்தது. இலையும் காயும்தான் செரிக்கும், இனிப்பான கனி ஆகாது. கனிந்த பழத்தை ஒதுக்கிக் காயைத் தேடித் தின்னும் குரங்கை வேறு எங்கே பார்க்க முடியும்?

அடுத்த திருப்பத்தில் இருவாய்ச்சிகள் ஜோடியாக ஆற்றைக் கடந்தன. நம் ஆனைமலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தச் சிறகோசை தெரிந்திருக்கும். பறவை கண்ணில் படும் முன்பே அது தலைக்கு மேல் வந்துவிடும். இந்த ஆற்றுக் காட்டில் எட்டு வகை இருவாய்ச்சிகள் வாழ்கின்றன. சேற்றுக்கரையில் ஒரு முதலை வாய் பிளந்து கிடந்தது. பாம்புத்தாரா சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது. இருட்டும் நேரத்தில், காய்த்துக் குலுங்கும் ஓர் அத்தி மரத்தின் உச்சியில் ஒரு ஒராங்குட்டான் தாய் குட்டியோடு தெரிந்தது. கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்துத் தன் எடைக்குக் கீழே அழுத்தி மடித்து அன்றைய இரவுக்கான படுக்கையை அது கட்டியது. ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கட்டும். வேலை முடியும் வரை படகில் யாரும் பேசவில்லை. முடிந்ததும் இலைக்கொத்து ஒன்றை முறித்துத் தலைமேல் போட்டுக்கொண்டது. மழை வரப்போகிறது என்றார் படகோட்டி. வந்தது.

மழைக்காடு பொதுவாக இப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நாள் முழுக்க நடந்தாலும் தடம், எச்சம், தூரத்துக் குரல் என்று அறிகுறிகளோடு திரும்புவதுதான் வழக்கம். உயிர்கள் அங்கே மிகுதி. ஆனால் பரந்து கிடக்கும். ஓர் ஒராங்குட்டான் தன் பங்குக்குக் கேட்கும் காட்டின் பரப்பு பெரிது, ஏனென்றால் பழ மரங்கள் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. அப்படியிருக்க இந்த ஒரு நதியில், இரண்டரை மணி நேரத்தில், இவ்வளவு எப்படி?

படகோட்டி இந்த ஆற்றங்கரைச் சமூகமான ஓராங் சுங்கையைச் சேர்ந்தவர். சுக்காவ் கிராமத்தில் பிறந்தவர். என்னை 'அபாங்' என்றுதான் கூப்பிட்டார், அண்ணன் முறை. மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"வருகிறவர்கள் எல்லோரும் இதே சந்தோஷத்தோடுதான் கேட்கிறார்கள், அபாங். வெள்ளம் வந்தால் எங்கள் ஊர் ஆடு கோழியெல்லாம் ஒரே மேட்டில் ஏறி நிற்கும். அந்த மேட்டை மட்டும் பார்த்துவிட்டு இந்த ஊரில் ஆடு அதிகம் என்று சொல்லலாமா? என் அப்பா இளைஞராக இருந்தபோது யானையைப் பார்க்க நாள் கணக்கில் உள்ளே போக வேண்டும். இப்போது யானை எங்கள் இடுகாட்டு வேலியைத் தள்ளிக்கொண்டு வருகிறது."

மறுநாள் காலை அவர் படகை ஒரு சிற்றோடைக்குள் திருப்பினார். இருபுறமும் பிரம்புக்கொடி, தண்ணீரில் நிற்கும் மரங்கள், ஓயாத மீன்கொத்திக் குரல். கரையில் ஒரு வேரைப் பிடித்து ஏறி என்னையும் கைகொடுத்து ஏற்றினார். அட்டை ஏறாமல் இருக்கக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். பாதை என்று ஒன்றுமில்லை. கொடியை விலக்கி, விழுந்து கிடந்த ஒரு அடிமரத்தைத் தாண்டி, சேற்றில் கணுக்கால் புதையச் சிறிது தூரம்தான் போயிருப்போம். முன்னால் வெளிச்சம் வந்தது. இன்னும் நாலெட்டு வைத்ததும் காடு முடிந்தது. காடு மெல்ல மெல்லத்தான் குறையும் என்று எதிர்பார்த்தேன். இங்கே ஒரு வாய்க்கால், அதற்கு இந்தப் பக்கம் காடு, அந்தப் பக்கம் செம்பனை. வேறு எதுவும் இல்லை.

மலேசியத் தமிழர்கள் செம்பனை என்று அழைக்கும் இந்த மரத்தின் எண்ணெயைத்தான் நாம் பாமாயில் என்கிறோம். ஹெக்டேருக்கு ஏறத்தாழ 140 மரம், முக்கோண வரிசை, எந்தத் திசையில் நின்று பார்த்தாலும் நேர்கோடு. வெட்டிய மட்டைகள் இரண்டு வரிசைக்கு இடையே அடுக்கியிருந்தன. அடிமரங்களில் பெரணி தொங்கியது. காட்டுக்குள் இருந்த ஈரக் குளிர்ச்சி வாய்க்காலைத் தாண்டியதும் போய்விட்டது, வியர்வை கொட்டியது. தூரத்தில் ஒரு லாரி. இருவாய்ச்சி இல்லை, குரங்கு இல்லை, மீன்கொத்திகூட இல்லை. எலி உண்டு, எலியைத் தேடி வரும் பாம்பும் ஆந்தையும் உண்டு, பன்றியும் உடும்பும் வந்து போகும். மழைக்காட்டின் பெரும்பாலான உயிர்களுக்கு அங்கே வாழ வழியில்லை.

படகிலிருந்து முந்தின மாலை நான் பார்த்து வியந்த அந்தப் பச்சைச் சுவருக்குப் பல இடங்களில் கனம் இவ்வளவுதான்.

மலேசியாவின் சபா மாநிலத்தின் மிக நீளமான ஆறு இது, 560 கிலோமீட்டர். நடுமலைகளில் பிறந்து கிழக்கே சூலு கடலில் கலக்கிறது. கீழ்ப்பகுதி அகன்ற வெள்ளச் சமவெளி: ஆறு போக்கு மாறி விட்டுச்சென்ற குருட்டு ஆறுகள், சதுப்புக் காடுகள், இடையிடையே சுண்ணாம்புக் குன்றுகள், கழிமுகத்தில் அலையாத்தி. அந்தக் குன்றுகளில் ஒன்றான கோமாந்தோங்கின் குகைகளுக்குள் உழவாரக் குருவிகள் எச்சிலால் கட்டும் கூடுகளை, பிரம்பு ஏணியில் தொங்கிக்கொண்டு இன்றும் ஆட்கள் அறுத்தெடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கும் தொழில். எப்போது எடுக்கலாம், எப்போது குஞ்சுகளுக்கு விட வேண்டும் என்று பருவம் குறித்து, உரிமம் கொடுத்து நடத்துகிறார்கள். மனிதன் காட்டில் கைவைத்தாலே அது அழியும் என்று யாராவது சொன்னால் அந்தக் குகையைத்தான் நான் காட்டுவேன்.

அழிவு இரண்டு கட்டமாக வந்தது. 1950-களிலிருந்து 80-கள் வரை பெருமரங்கள் போயின. வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதந்து கீழே வந்தன, சண்டாகானில் கப்பலேறின, பெரும்பகுதி ஜப்பானுக்குப் போயிற்று. படகோட்டியின் அப்பாவும் அந்த வேலையில் இருந்தவர்தான். அப்படி மரம் வெட்டிய காட்டில் உயரமான மரங்கள் அருகிவிட்டன. ஆனால் காடு நின்றது. வெட்டுப்பட்ட காட்டில் ஒராங்குட்டான் பிழைத்துக்கொள்ளும், யானை இன்னும் நன்றாகவே பிழைக்கும், ஏனென்றால் வெளிச்சம் விழுந்த இடத்தில் புல் முளைக்கும். செம்பனை வந்தபோது நடந்தது வேறு. அது மரத்தைத் தேர்ந்து எடுக்கவில்லை, நிலத்தை எடுத்தது. இன்று சபாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 15 லட்சம் ஹெக்டேர், செம்பனை. ஆற்றின் இருகரையிலும் மீந்ததை 2005-இல் கீழ்க் கினபாத்தாங்கான் வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். பரப்பு ஏறக்குறைய 26,000 ஹெக்டேர். அதுவும் ஒரே காடு அல்ல, பத்துத் துண்டுகள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே தோட்டம், கிராமம், சாலை.

இந்தப் பத்துத் துண்டு என்ற கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. எத்தனை ஹெக்டேர் போயிற்று என்று கேட்கிறோம்; மீந்தது எப்படிக் கிடக்கிறது என்று கேட்பதில்லை.

ஒராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. முன்பு சிற்றோடைகளின் இருகரையிலும் நின்ற பெருமரங்கள் மேலே கைகோத்துக் கிடந்ததால் அது கீழே இறங்காமலே கடந்தது. பெருமரங்கள் போனபின் கிளைகள் எட்டவில்லை. பிறகு தோட்டங்களுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். ஒரு சிற்றோடையின் அகலம், நாம் தாண்டிக் குதிக்க யோசிக்கும் அளவு, அதன் உலகத்தின் எல்லையாகிவிட்டது. சுக்காவில் 1998 முதல் வேலை செய்துவரும் ஹூத்தான் என்ற அமைப்பு, தீயணைப்பு நிலையங்கள் கழித்துப்போட்ட குழாய்களைக் கயிறாகத் திரித்து ஓடைகளின் குறுக்கே பாலமாகக் கட்டியது. கட்டிப் பல வருடம் காத்திருந்த பிறகுதான் ஒராங்குட்டான்கள் அதில் நடப்பது படத்தில் பதிவானது. நான் அப்படி ஒரு பாலத்தின் கீழே படகில் போனேன். பழைய குழாயின் சாயம் போன துணி, இருபுறமும் மரத்தில் முடிச்சு. அந்த முடிச்சுகளைச் சரிபார்க்கும் வேலையை ஊர்ப் பையன்கள் செய்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதையைச் சொல்லிமுடியாது.

ஒராங்குட்டான் தாய் ஏழெட்டு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அத்தனை காலமும் குட்டி தாயோடு இருந்து எந்த மரம் எப்போது பழுக்கும் என்று கற்கிறது. இப்படி மெதுவாகப் பெருகும் இனம் இழப்பை ஈடுகட்ட முடியாது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் போர்னியோ தீவு முழுவதிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒராங்குட்டான்கள் மறைந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை மிக அபாயத்தில் உள்ள இனங்களில் சேர்த்தது. ஒரு தாய் படுக்கை கட்டியதைப் பார்த்த மகிழ்ச்சியோடு இந்த எண்ணையும் சேர்த்தே நான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யானைகளை மூன்றாம் நாள் கண்டோம். ஆசிய யானைகளில் மிகச் சிறிய உடல்வாகு போர்னியோ யானைக்கு; முகம் வட்டம், வால் தரையைத் தொடும் அளவு நீளம். கூட்டம் ஆற்றோரப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது. குட்டி ஒன்று தாயின் காலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தது. பத்துப் பன்னிரண்டு படகுகள் கூடிவிட்டன. படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டு, அவை எங்கிருந்து வந்தன, எங்கே போகும் என்று கையை நீட்டிக் காட்டினார். மேலே ஒரு தோட்டத்தின் மின்வேலி. கீழே கிராமத்துத் தோப்பும் சாலையும். இரண்டுக்கும் நடுவே உள்ள கரையில் அவை மேலும் கீழுமாக நடக்கின்றன. இடுக்கான இடங்களில் ஆற்றில் இறங்கி நீந்திச் சுற்றிக்கொள்கின்றன. தோட்டத்துக்குள் புகுந்தால் இளம் செம்பனையின் குருத்தைத் தின்னும்; ஒரே இரவில் பல வரிசைகள் போகும். 2013 ஜனவரியில் சபாவின் குனுங் ராரா வனக்காப்பில் பதினான்கு யானைகள் செத்துக் கிடந்தன. விஷம் என்று சந்தேகித்தார்கள். செத்த தாயை எழுப்ப முயன்றுகொண்டிருந்த ஒரு குட்டியின் படம் உலகமெல்லாம் போனது. மொத்தமே ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் உள்ள ஓர் இனத்தில் பதினான்கு.

ஆனால் நெருக்கத்தைவிடக் கொடியது ஒன்று உண்டு, அது சிதறல். சபாவின் காண்டாமிருகங்கள் அப்படித்தான் போயின. சுமத்ராக் காண்டாமிருகம் என்ற அந்த ரோமம் அடர்ந்த சிறிய இனம் கொம்புக்காக வேட்டையாடப்பட்டுத்தான் முதலில் குறைந்தது. மீந்தவை துண்டு துண்டான காடுகளில் ஒன்றையொன்று கண்டுபிடிக்க முடியாமல் தனித்தனியே வாழ்ந்தன. தாம் என்று பின்னால் பெயரிடப்பட்ட ஆண் 2008-இல் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்து வந்தபோது பிடிபட்டது. பிறகு இரண்டு பெண்களைக் காட்டிலிருந்து கொண்டுவந்தார்கள்: கண்ணியில் சிக்கி ஒரு பாதத்தை இழந்திருந்த புந்துங், அதன்பின் இமான். இரண்டுக்கும் கருப்பையில் கட்டிகள். இந்த இனத்தின் பெண்கள் நெடுங்காலம் இணை சேராமலும் கருவுறாமலும் இருந்தால் இப்படி ஆகிவிடுகிறது. மருத்துவர்கள் வருடக்கணக்கில் முயன்றார்கள். குட்டி பிறக்கவில்லை. புந்துங் 2017-இல், தாம் 2019 மே மாதத்தில், இமான் அதே ஆண்டு நவம்பரில். அத்தோடு மலேசிய மண்ணில் காண்டாமிருகம் இல்லை. காட்டில் உணவு இருந்தது, தண்ணீர் இருந்தது. துணை இருந்த துண்டுக்குப் போக வழிதான் இல்லை.

தோட்டத்துப் பக்கத்தையும் கேட்க விரும்பினேன். ஈப்போ நண்பர் ஒருவர் கொடுத்த எண்ணைக் கூப்பிட்டு, சுக்காவ் சாலை பிரியும் இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு தமிழரைச் சந்தித்தேன். அறுபதை நெருங்கும் வயது. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிவேலை மேற்பார்வை. சபாவில் தோட்ட வேலையாட்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்தவர்கள். தமிழ் பேசக் கிடைத்த ஆள் என்பதாலோ என்னவோ, மூன்று மணி நேரம் என்னை விடவில்லை.

"மரத்தத் திட்டாதீங்க தம்பி," என்றுதான் ஆரம்பித்தார். "எங்க வயித்தக் கழுவுன மரம் அது."

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மரம் இது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளிலிருந்துதான் தென்கிழக்காசியச் செம்பனை பெருகியது. மலாயாவில் முதல் வணிகத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமரத்தில் போடப்பட்டது. ரப்பர் விலை சரிந்த பின் தோட்டம் தோட்டமாக மாறியது. ஒரு ஹெக்டேர் செம்பனை வருடத்துக்கு மூன்று நான்கு டன் எண்ணெய் தரும். கடலையும் சோயாவும் சூரியகாந்தியும் அதில் கால் பங்குக்குத் தடுமாறும். பாமாயிலை ஒழித்துவிட்டு அதே அளவு எண்ணெயை வேறு வித்துகளிலிருந்து எடுக்கக் கிளம்பினால் இன்னும் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலமும் யாருடைய காடாகவோதான் இருக்கும். ஆகவே பாமாயிலைப் புறக்கணியுங்கள் என்ற குரலோடு என்னால் சேர முடியவில்லை.

"எங்கம்மாவுக்குப் பூ ஊதுற வேலை," என்றார். "ஆம்பளப் பூவோட பொடிய டால்க் பவுடர்ல கலந்து, சின்னப் பம்புல அடைச்சு, ஒவ்வொரு மரமாப் போய்ப் பொம்பளப் பூவுல ஊதணும். முள்ளு கையக் கிழிக்கும். 81-ல ஆப்பிரிக்காலேர்ந்து வண்டு கொண்டாந்து விட்டாங்க. வண்டே எல்லா வேலையும் பாத்துருச்சு. அம்மாவுக்கு வேல போச்சு."

கேமரூனிலிருந்து கொண்டுவந்த அந்தக் கூன்வண்டுதான் செம்பனையின் விளைச்சலை உயர்த்தி, நிலத்தைத் தேடி நிறுவனங்களைக் கிழக்கே ஓட வைத்த காரணங்களில் ஒன்று. அரிசியைவிடச் சிறிய ஒரு பூச்சி. அவருடைய குடும்பக் கதையும் அங்கே நிற்கவில்லை. 90-களில் அவர்கள் தோட்டம் கைமாறி, வீட்டுமனைகளாகப் பிரிந்தபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். தீபகற்ப மலேசியாவில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு நேர்ந்தது அது. கோயில், பள்ளிக்கூடம், புதைத்த பாட்டன் பாட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

"எங்களக் காலி பண்ணச் சொன்னப்ப லாரியில சாமான ஏத்திக்கிட்டு டவுனுக்குப் போனோம். யானைக்கு எந்த டவுன் இருக்கு?" என்று அவரே கேட்டார்.

தோட்டத்தின் அவசரத்தையும் அவர்தான் புரியவைத்தார். மரத்திலிருந்து குலை இறங்கிய கணத்திலிருந்து பழத்தில் அமிலம் ஏறத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய் நீராவியில் வேக வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் போகும். அதனால் செம்பனை தனியாக வருவதில்லை. ஆலை வேண்டும், ஆலை ஓட ஆயிரக்கணக்கான ஹெக்டேர் சுற்றிலும் வேண்டும், எல்லாத் திசையிலும் சாலை வேண்டும், சாலை இருந்தால் கடையும் குடியிருப்பும் பாலமும் வேண்டும். சுக்காவிலேயே ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய பாலத்துக்குத் திட்டம் போட்டார்கள். அது யானைகளின் வழியை அறுத்திருக்கும். டேவிட் அட்டன்பரோ வரை பலரும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2017-இல் மாநில அரசு அதைக் கைவிட்டது. கைவிட்ட அரசையும் பாராட்டத்தான் வேண்டும்.

அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை அதிகம் வருத்தியது. வெள்ளச் சமவெளியில் காட்டை அழித்து நட்ட செம்பனையில் ஒரு பகுதி காய்க்கவே இல்லை. ஆறு வருடந்தோறும் ஏறி வருகிறது. இளங்கன்று பல நாள் தண்ணீரில் நின்றால் செத்துவிடும். செத்த இடத்தில் மறுபடி நடுவார்கள், மறுபடி சாகும். கடைசியில் கைவிடுவார்கள். யாருக்கும் ஒரு சொட்டு எண்ணெய் தராமல், ஒருவருக்கும் கூலி தராமல் போன காடு அது. அங்கேயிருந்த மரங்கள் வெள்ளத்தில் மாதக்கணக்கில் நிற்கப் பழகியவை.

ஊரில் பெண்கள் சேர்ந்து நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள். கைவிட்ட நிலத்திலும் கரையோரத்திலும் காட்டு மரக்கன்றுகளை நடுகிறார்கள். நடுவது எளிது, அடுத்த மூன்று வருடம்தான் கஷ்டம் என்றார் அவர்களில் ஒருவர். கொடி ஏறி மூடும், மாதாமாதம் அறுக்க வேண்டும். வெள்ளம் வந்து சேற்றை அப்பும். எல்லாம் தப்பி வந்த கன்றை யானை வந்து பிடுங்கிப் போடும். "அதுக்காகத்தானே நடுறோம், அது வரட்டும்" என்றார். பெருமரங்கள் போனதால் பொந்து கிடைக்காமல் தவிக்கும் இருவாய்ச்சிகளுக்கு மரப்பெட்டிகளை உச்சியில் கட்டிவைத்திருக்கிறார்கள். பெண்பறவை உள்ளே போய்ச் சேற்றாலும் எச்சத்தாலும் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு பிளவு வழியே ஆண் கொண்டுவரும் பழத்தைத் தின்று குஞ்சு பொரிக்கும். அந்த அளவுக்குத் தடித்த ஒரு மரம் உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும். அதுவரை பெட்டி.

நம்மிடம் வந்துசேரும் கதையும் இதில் உண்டு. உலகிலேயே அதிகம் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு 80 லட்சம் டன் அளவில். இந்தோனேசியாவும் மலேசியாவும்தான் பெரும்பகுதியை அனுப்புகின்றன. தமிழகத்து ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட், வறிய வீட்டுச் சட்டிக்கு எண்ணெய் என்ற ஒன்றைத் தவறாமல் தந்த திட்டம். அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். 2021-இல் இந்திய அரசு 11,040 கோடி ரூபாயில் செம்பனைக்கான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. வடகிழக்கு மாநிலங்களும் அந்தமானும்தான் அதன் முக்கியக் களங்கள். ஐந்து வகை இருவாய்ச்சி பறக்கும் மலைகளும், வேறெங்கும் இல்லாத பறவைகள் உள்ள தீவுகளும் அங்கேதான் இருக்கின்றன. இதைச் சொன்னபோது மேற்பார்வையாளர் டீக்கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். சரிவா, சமவெளியா? ஏற்கெனவே விவசாயம் நடந்த நிலமா, காடா? ஆலை எவ்வளவு தூரம்? ஆறு எந்தப் பக்கம் ஏறும்?

"பழைய வயக்காட்டுல நடட்டும் தம்பி, யாருக்கும் பாவமில்ல. காட்டுல நடுறாங்கன்னா யாராவது எங்க ஊருக்கு வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க."

சபாவின் நீர்வளச் சட்டம் 1998-லேயே ஒரு விதி வைத்திருக்கிறது: மூன்று மீட்டருக்கு மேல் அகலமுள்ள எந்த ஆற்றின் கரையிலிருந்தும் இருபது மீட்டருக்குள் உள்ள நிலத்துக்குப் பாதுகாப்பு உண்டு. சட்டத்துக்கு முன்பே தண்ணீர் ஓரம் வரை நட்டுவிட்ட மரங்கள் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன. படகிலிருந்து நானே பார்த்தேன். செம்பனை இருபத்தைந்து வருடம் காய்த்தபின் உயரம் எட்டாமல் போகும்; வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். அந்த நேரத்தில் கரையை விட்டுவிட்டால் இரண்டு துண்டுக் காட்டுக்கு நடுவே ஒரு வழி திறக்கும். அவருடைய தோட்டத்தின் ஆற்றோரப் பகுதிக்கு அடுத்த ஆண்டு மறுநடவு. இருபது மீட்டர் போதாது, யானை நடக்க ஐம்பதாவது வேண்டும், அந்த இடம் எப்படியும் வெள்ளத்தில் போகிற இடம்தான் என்று கணக்குப் போட்டு, வரைபடத்தில் சிவப்புக் கோடு இழுத்து, தலைமையகத்துக்கு எழுதியிருக்கிறார். கைப்பேசியில் அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி எனக்குக் காட்டினார். இரண்டு முறை நினைவூட்டியாகிவிட்டதாம். நான் கிளம்பும் வரை பதில் வரவில்லை.